சுற்று முடியும் இடம்: கோட்டு ஸ்வெட்டரும் தையலில்லாப் பின்னலும்

கோடு போட்ட ஸ்வெட்டர் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதன் அக்குளைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் ஓடும் கோடுகள் எந்த ஸ்வெட்டரிலும் நேராகத்தான் இருக்கும். உடலும் கையும் சேரும் மடிப்புக்குள்தான் பின்னியவரின் கணக்கு வெளிப்படும். அங்கே நீலப் பட்டை நீலப் பட்டையோடு வந்து சேர்ந்திருக்கிறதா, வெள்ளையில் முட்டிக்கொண்டு நிற்கிறதா? பக்கவாட்டில் தையல் ஏறுகிறதா? தையலே இல்லையென்றால், ஒவ்வொரு பட்டையும் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து மூடிக்கொள்கிறதா, ஒரு வரிசை மேலேறிப் படிக்கட்டுப் போல நிற்கிறதா?

கையால் ஸ்வெட்டர் பின்னுவதில் இரண்டு வழிகள் உண்டு. முன்பக்கம், முதுகு, இரண்டு கைகள் என்று துண்டு துண்டாகப் பின்னிக் கடைசியில் தைப்பது ஒன்று. வட்ட ஊசியில் குழாயாகச் சுற்றிக்கொண்டே போய், ஒரு தையலும் போடாமல் முடித்துத் தலைவழியே மாட்டிக்கொள்வது இன்னொன்று. ஒற்றை நிறத்தில் பின்னும்போது இரண்டாவது வழியின் குறைகள் கண்ணில் படுவதில்லை. இரண்டு நிறம் வந்ததும் பட்டுவிடுகின்றன. கோட்டு ஸ்வெட்டரை ஒரே துண்டாகப் பின்ன முடியும் என்பதில் ஐயமில்லை, பலர் பின்னுகிறார்கள். அப்படிப் பின்னும்போது, அதுவரை தையல் பார்த்துவந்த வேலையை எது பார்க்கிறது என்பதே இங்கே ஆராயும் கேள்வி.

குழாய்தான் மூத்தது

சுற்றிப் பின்னுவதைப் புதுமை என்று நினைப்பவர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு குழந்தையின் காலுறையை நினைத்துக்கொள்ளலாம். எகிப்தின் அன்டினூபோலிஸ் நகரில் கிடைத்தது. கி.பி. 300ஐ ஒட்டியது. இடது காலுக்கு உரியது. பெருவிரலுக்குத் தனி அறை வைத்தது. மேலிருந்து கீழ்வரை பல நிறப் பட்டைகள். 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, அத்தனை நிறங்களும் சிவப்பு, நீலம், மஞ்சள் தரும் மூன்றே தாவரச் சாயங்களிலிருந்து கிடைத்தவை என்று காட்டியது. இது இன்றைய பொருளில் பின்னல் ஆகாது. ஒற்றை ஊசியால் நூலை வளைத்து வளைத்துக் கோக்கும் பழைய முறை அது. ஆனால் கோடும் குழாயும் அப்போதே ஒன்றுசேர்ந்துவிட்டன. பல நூற்றாண்டுகள் கழித்து அதே எகிப்தில் கிடைக்கும் நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் முறையான பின்னல்; அவையும் சுற்றிப் பின்னப்பட்டவையே.

மேல்சட்டைக்குச் சான்று ஓவியத்தில் இருக்கிறது. மின்டன் நகரத்து பெர்ட்ராம் என்ற ஜெர்மானிய ஓவியர் 1400ஐ ஒட்டிப் புக்ஸ்டஹூட ஆலயப் பீடத்துக்கு வரைந்த பலகை ஒன்று ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மரியாள் நான்கு ஊசிகளை வைத்து ஒரு சிறுவனின் சட்டைக் கழுத்தைச் சுற்றிப் பின்னி முடித்துக்கொண்டிருக்கிறாள். இயேசுவின் அங்கி தையலில்லாதது என்று யோவான் நற்செய்தி சொல்வதற்கு ஓவியர் தந்த விளக்கம் அது. தையலில்லாச் சட்டை என்றதும் தூரிகைக்கு நான்கு ஊசிப் பின்னல் தோன்றியிருக்கிறது என்றால், சுற்றுப்புறத்தில் அவர் அதைக் கண்டிருக்க வேண்டும்.

துண்டுகள் முன்னுக்கு வந்ததில் இயந்திரத்துக்கும் பங்கு உண்டு. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய காலுறைப் பின்னல் சட்டகம் தட்டையான துணியைத்தான் பின்னியது. அதை வளைத்துப் பின்பக்கம் தைத்தால்தான் காலுறை. கைப்பின்னலோ நெடுங்காலம் குழாயை விடவில்லை. பிரிட்டனின் மீனவர்கள் அணிந்த கான்சி என்னும் இறுக்கமான ஸ்வெட்டரை ஐந்து ஊசிகளில் சுற்றிப் பின்னினார்கள். ஷெட்லாந்து தீவுகளின் பல நிற ஸ்வெட்டரும் குழாய்தான். பின்னர் அச்சில் வந்த பின்னல் குறிப்புகள் தையற்காரர் வெட்டும் துண்டுகளைப் பார்த்துப் பழகின. கழுத்து, தோள், அக்குள் வளைவு எல்லாவற்றுக்கும் தனித்தனித் துண்டு; கடைசியில் தைப்பு வேலை.

அந்தப் பழக்கத்தை எதிர்த்து வாதாடியவர்களில் பெயர் பெற்றவர் எலிசபெத் சிம்மர்மன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்தவர். 1971இல் வெளிவந்த 'நிட்டிங் வித்அவுட் டியர்ஸ்' என்ற நூலில் ஸ்வெட்டரை விகிதக் கணக்காகச் சுருக்கினார். உடம்பின் சுற்றளவுக் கண்ணிகள் நூறு பங்கு; மணிக்கட்டு இருபது பங்கு; மேல்கை ஏறக்குறைய முப்பத்து மூன்று; கழுத்து நாற்பது; அக்குளுக்கு எட்டு. அடுத்த ஆண்டே பார்பரா வாக்கர் 'நிட்டிங் ஃப்ரம் த டாப்' நூலில், கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இன்றைய தையலில்லா ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு புத்தகங்களில் ஒன்றின் பிள்ளைகள்.

படி எங்கிருந்து வருகிறது

சுற்றிப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றும் ஒரு வளையம் என்று நம் கண் நம்புகிறது. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். முதல் சுற்று முடியும் இடம் அது தொடங்கிய இடமாக இருக்காது. அதன் தலைமேல் ஏறியிருக்கும். பின்னல் குழாயும் அப்படியே. அதில் வளையம் என்று ஒன்றுகூட இல்லை. அடியிலிருந்து கழுத்துவரை ஒரே நூல் திருகாணியின் மரை போல ஏறிக்கொண்டிருக்கிறது.

நிறம் ஒன்றே என்றால் இது யாருக்கும் தெரியாது. வெள்ளையை நிறுத்தி நீலத்தைத் தொடங்குகிறோம். ஒரு சுற்று முடிந்து திரும்பி வரும்போது, நீலத்தின் கடைசிக் கண்ணி வெள்ளையின் பக்கத்தில் இருக்க, அடுத்த கண்ணி நீலத்தின் தலையில் ஏறுகிறது. பட்டையின் தொடக்கமும் முடிவும் ஒரு வரிசை உயரம் பிசகி நிற்கின்றன. ஆங்கிலத்தில் ஜாக் என்கிறார்கள். நாம் படி என்றே வைத்துக்கொள்வோம்.

படி எவ்வளவு உறுத்தும் என்பதைப் பட்டையின் அகலம் தீர்மானிக்கிறது. பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரிசை என்ற சாதாரண அளவை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசையின் உயரம் சுமார் 3.6 மில்லிமீட்டர். பத்து வரிசைப் பட்டையில் அது பத்தில் ஒரு பங்கு, தேடினால்தான் தெரியும். இரண்டு வரிசைப் பட்டையில் பாதி. எதிரில் நிற்பவருக்கே தெரியும். ஒரே வரிசைப் பட்டையில் படியும் பட்டையும் ஒரே உயரம். அந்த இடத்தில் கோடு அறுந்ததாகவே தோன்றும்.

துண்டாகப் பின்னித் தைப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய ஒவ்வொரு வரிசையும் உண்மையிலேயே கிடைமட்டம். இரண்டு துண்டின் விளிம்புகளைச் சேர்க்கும்போது கோடுகளே அளவுகோலாக நிற்கும். நீலத்துக்கு நீலம், வெள்ளைக்கு வெள்ளை என்று ஊசி தானாகப் பொருந்தும். தைப்பதை வெறுப்பவர்கள்கூடக் கோட்டுத் துணியைத் தைப்பது எளிது என்று ஒப்புக்கொள்வார்கள்.

மறைப்பவையும் ஏற்பவையும்

படிக்குச் சொல்லப்படும் வைத்தியங்கள் பல. அவற்றை நான்கு வகைக்குள் அடக்கலாம்.

முதல் வகை படியை இழுத்துச் சமன் செய்வது. புது நிறத்தில் ஒரு சுற்று முடிந்ததும், இரண்டாம் சுற்றின் முதல் கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிவிட்டு நகர்வது எல்லோருக்கும் தெரிந்த உத்தி. அந்த ஒரு கண்ணி நீண்டு இரண்டு வரிசை உயரத்தை நிரப்பிவிடும். இன்னொரு உத்தியில், இரண்டாம் சுற்றின் முதல் கண்ணிக்குக் கீழே இருக்கும் பழைய நிறக் கண்ணியின் ஒரு காலைத் தூக்கி ஊசியில் ஏற்றி இரண்டையும் சேர்த்துப் பின்னுவார்கள். கீழ்ப்பட்டை சற்று மேலே எழுந்து படியை மூடும். நான்கு வரிசைக்கு மேற்பட்ட பட்டைகளில் இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் கண்ணியை மாற்றிவிடும் முறையில் அந்த நேர்க்கோட்டில் பட்டைக்கு ஒரு வரிசை குறைந்துகொண்டே போகிறது. இருபது பட்டை முடியும்போது பக்கவாட்டில் துணி சுருங்கி மேலேறும். அதைத் தவிர்க்கச் சுற்றின் தொடக்கத்தை ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கண்ணி நகர்த்துவார்கள்; அப்போது தழும்பு சாய்வாக இடுப்பைச் சுற்றிப் போகும். பட்டை ஒரே வரிசை என்றால் இந்த வகை முழுவதும் பயனற்றது. மாற்றிவிட இரண்டாம் சுற்றே அங்கே இல்லை.

இரண்டாம் வகை இடம் பார்த்து ஒளிப்பது. படியை அக்குளுக்கு நேர் கீழே வைப்பது. அந்த வரியில் ஒரு கண்ணியைப் புரட்டிப் பின்னிப் பள்ளமாக்குவது. பள்ளத்துக்குள் படி விழுந்தால் கண் அதைத் தையல் என்று எண்ணிக் கடந்துவிடும்.

மூன்றாம் வகை ஷெட்லாந்தின் துணிச்சல். சுற்றின் தொடக்கத்தில் ஏழெட்டுக் கண்ணிகளை உபரியாகச் சேர்த்து, நிறம் மாற்றுவதை அதன் நடுவில் மட்டும் செய்வார்கள். ஸ்டீக் என்று பெயர். முடிந்ததும் அந்த உபரிப் பாலத்தின் நடுவே கத்திரிக்கோல் ஓடும். படி, முடிச்சு, நுனி எல்லாம் வெட்டு விளிம்போடு உள்ளே மடிந்துவிடும். முன்திறப்புள்ள கோட்டு ஸ்வெட்டருக்கு இதைவிடச் சுத்தமான முடிவு இல்லை. ஷெட்லாந்துக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் வெட்டியும் பிரிவதில்லை. வழுக்கும் பருத்தி நூலில் இதைச் செய்பவர் முதலில் இரண்டு ஓட்டு மிஷின் தையல் போட்டுவிட வேண்டும்.

நான்காம் வகை மரையை மரையாகவே ஏற்பது. இரண்டு நிறத்தையும் ஒரே நேரத்தில் குழாயின் எதிரெதிர்ப் பக்கங்களில் தொடங்குகிறோம். நீலம் தன் வழியே போய், வெள்ளை காத்திருக்கும் இடத்தில் நிற்கும். அங்கிருந்து வெள்ளை புறப்பட்டு நீலம் காத்திருக்கும் இடம்வரை வரும். ஒன்று மற்றொன்றைத் தாண்டுவதில்லை. இரண்டு நூலையும் முறுக்கிக்கொள்வதும் இல்லை, முறுக்கினால் அந்த இடத்தில் கோடு விழும். இரட்டை மரை போல இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் ஏறும். சுற்று முடிகிற இடம் என்று ஒன்று இல்லாததால் படியும் இல்லை. உள்ளே நூல் மேலேற்றிய தடமும் இருக்காது. நூறு சென்டிமீட்டர் சுற்றளவில் கோடு ஏறுவது இரண்டு வரிசை, அதாவது 7 மில்லிமீட்டர். யார் கண்ணுக்கும் சாய்வாகத் தெரியாது. நிபந்தனை ஒன்றே: நிறத்துக்கு ஒரு வரிசைதான். நான்கு நூல் வைத்துக்கொண்டு நீலம் இரண்டு, வெள்ளை இரண்டு என்று ஓட்டினால் இரண்டு வரிசைப் பட்டை கிடைக்கும். அதற்கு மேல் பந்துகள் சிக்கி மடியில் யுத்தம் நடக்கும்.

ஆக, அகலப் பட்டைக்கு இழுத்துச் சமன் செய்வது, மெல்லிய கோட்டுக்கு மரை, முன்திறப்புக்கு வெட்டு. நடுவில் கிடக்கும் இரண்டு மூன்று வரிசைப் பட்டைகள்தான் தகராறு. அவற்றுக்கு அக்குளின் பள்ளமே துணை.

கடற்படைச் சட்டை ஒன்றைக் கையால் பின்னினால்

இந்தத் தகராறுக்கு நல்ல உதாரணம் உலகறிந்த பிரெஞ்சு மாலுமிச் சட்டை. 1858 மார்ச் 27ஆம் தேதியிட்ட அரசாணை அதன் கோடுகளை எண்ணிக் கொடுத்தது. உடலில் வெள்ளைப் பட்டை 21, ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர்; நீலம் 20 அல்லது 21, ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர். கைகளில் வெள்ளை 15, நீலம் 14 அல்லது 15. இருபத்தொன்று நெப்போலியனின் வெற்றிகளைக் குறிக்கும் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை.

அதே விகிதத்தை நம் ஊசியில் ஏற்றினால் வெள்ளைக்கு ஆறு வரிசை, நீலத்துக்கு மூன்று. இங்கே குழாய்க்கு ஓர் அனுகூலம் கிடைக்கிறது. தட்டையாகப் போய்த் திரும்பிப் பின்னுபவருக்கு மூன்று வரிசை முடிந்ததும் நூல் எதிர் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அடுத்த நீலத்தைத் தொடங்கும் பக்கத்தில் அது இருக்காது. ஒற்றைப்படை வரிசைகளைத் துண்டுக்காரர்கள் தவிர்ப்பது அதனால்தான். சுற்றிப் பின்னுபவருக்கு ஒற்றையும் இரட்டையும் ஒன்றுதான். நூல் எப்போதும் சுற்றின் தொடக்கத்திலேயே காத்திருக்கும்.

நுனிகளின் கணக்கு அடுத்தது. பட்டைக்குப் பட்டை நூலை அறுத்தால் உடலின் 41 பட்டைக்கு 82 நுனிகள். கை ஒன்றுக்கு 29 பட்டை என்றால் இரண்டு கைக்கும் 116. மொத்தம் 198 நுனிகளை ஊசியால் உள்ளே கோத்து மறைக்க வேண்டும். தையல் வேலையைத் தவிர்க்கத்தான் குழாயைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை இந்த இடத்தில் நினைவூட்டினால் பின்னுபவர் கோபித்துக்கொள்வார். அறுக்காமல் நூலை உள்பக்கமாக மேலேற்றலாம். மூன்று வரிசை உயரத்துக்கு அப்படியே ஏற்றலாம். ஆறு வரிசை என்றால் நடுவில் ஒருமுறை ஓடும் நூலோடு முறுக்கிவிட வேண்டும். மிக இறுக்கினால் அந்தப் பக்கம் மட்டும் நீளாது. தையல் இல்லாத ஸ்வெட்டரின் உள்ளே, தையல் இருந்திருக்க வேண்டிய அதே இடத்தில், கயிறு போல ஒரு நூல்தடம் மேலேறிக்கொண்டிருக்கும்.

தோளில் என்ன நடக்கிறது

உடலும் கைகளும் தனித்தனிக் குழாய்களாக இருக்கும்வரை கோடு சாது. மூன்றும் ஒன்றாகும் இடத்தில்தான் ஒரே துண்டுப் பின்னலின் பலமும் பலவீனமும் தெரிகின்றன.

வட்டத் தோள் முறையில் மூன்று குழாய்களையும் ஒரே ஊசியில் ஏற்றிக் கழுத்துவரை சுருக்கிக்கொண்டே போகிறோம். குளத்தில் கல் விழுந்தது போல வளையம் வளையமாகக் கோடுகள் கழுத்தைச் சூழ்கின்றன. குறைக்கும் சுற்றுகள் மூன்றோ நான்கோதான். அவற்றை நிறம் மாறும் வரிசையில் வைத்தால் அடையாளமே தெரியாது. கோட்டுக்கு மிகவும் இணங்கிப்போகும் தோள் இது.

ராக்லான் முறையில் நான்கு சாய்கோடுகள் அக்குளிலிருந்து கழுத்துக்கு ஏறுகின்றன. ஒவ்வொரு கோட்டிலும் உடலின் பட்டையும் கையின் பட்டையும், படச்சட்டத்தின் மூலை போல, மடங்கிச் சந்திக்கும். ஒரே சுற்று முன்பக்கம், கை, முதுகு, கை என்று நான்கையும் கடப்பதால் அங்கே பொருத்தம் பிசகவே முடியாது. துண்டுகளைத் தைப்பவர் எண்ணி எண்ணி அடையும் பொருத்தம் இங்கே இலவசம்.

ஆனால் ஒரு கடன் உண்டு. கீழிருந்து பின்னுபவர்கள் உடலையும் கைகளையும் ஒரே பட்டையின் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். உடல் 110 வரிசை, கை 125 வரிசை என்றால், கையின் தொடக்கத்தில் எத்தனை வரிசை ஒற்றை நிறமாக விடவேண்டும் என்று பின்னோக்கி எண்ண வேண்டும். மணிக்கட்டிலும் இடுப்பிலும் கோடுகள் வெவ்வேறு இடத்தில் தொடங்கினால் யாரும் கவனிப்பதில்லை. அக்குளில் பிசகினால் எல்லோரும் கவனிப்பார்கள். மேலிருந்து இறங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. அவர்களுக்கு எல்லாம் ஒரே பட்டையிலிருந்து பிரிகின்றன. மிச்சக் கணக்குகள் மணிக்கட்டில் போய்ச் சேரும். கோட்டு ஸ்வெட்டருக்கு, மேலிருந்து இறங்கும் வாக்கர் வழி கீழிருந்து ஏறும் சிம்மர்மன் வழியைவிடச் சுகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு வழிக்கும் பொதுவான இடர் முதுகுக் கழுத்து. மனிதக் கழுத்து பின்னால் உயர்ந்தது. அதனால் முதுகில் மட்டும் சில அரைவரிசைகளைப் போய்த் திரும்பிச் சேர்ப்பார்கள். கோட்டுக்கு நடுவில் அவற்றை வைத்தால் பின்பக்கம் மட்டும் ஒரு பட்டை பருத்துவிடும். ஆகவே அரைவரிசைகள் அத்தனையையும் கோடில்லாத ஒற்றை நிறக் கழுத்துப் பகுதியிலேயே முடித்துவிட வேண்டும். சட்டைக்கை போலத் தோளில் பொருத்தி அமரும் வகை இன்னும் கடினம். அக்குள் வளைவில் கண்ணிகளை எடுத்து அரைவரிசைகளாலேயே கைத்தலையை உருவாக்குவதால், அங்கே கோடுகள் பிறை வடிவில் வளையும், உடலோடு சேராது. அந்தத் தோள் வேண்டும் என்பவர் கையின் மேற்பகுதியை ஒற்றை நிறமாக விடுவது நல்லது.

நூலே கோடு போடும்போது

சாயமிடும்போதே நிறங்களை நீளம் நீளமாகப் பிரித்து வைத்த நூல்கள் உண்டு. பின்னினால் தானாகவே பட்டை விழும். அறுப்பதில்லை, நுனியில்லை, நிறம் மாறும் இடம் எங்கோ விழுவதால் படியும் கண்ணில் படுவதில்லை. காலுறைக்கென்றே பிறந்த நூல்கள் இவை. ஸ்வெட்டரில் போட்டால் வேறொரு வேடிக்கை.

ஒரு நிறத்துக்கு 800 கண்ணி பின்னும் அளவு நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 200 கண்ணி உடம்பில் அது நான்கு வரிசைப் பட்டை. 66 கண்ணி மேல்கையில் பன்னிரண்டு வரிசை. 40 கண்ணி மணிக்கட்டில் இருபது. அக்குள் கண்ணிகள் போக மூன்று குழாயும் சேர்ந்து 268 கண்ணியாகும் தோளில் மூன்றே வரிசை. கழுத்தின் 80 கண்ணியில் பத்து. சிம்மர்மனின் விகிதக் கணக்கு முழுவதையும் நூல் தானே சட்டைமேல் எழுதிக் காட்டிவிடுகிறது. உடம்பில் மெல்லிய கோடும் கையில் கட்டைப் பட்டையுமாக, இரண்டு பேரிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர் போல. இதைச் சரிக்கட்ட இரண்டு பந்துகளை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். சிலர் உடலை மணிக்கட்டிலிருந்து மணிக்கட்டுக்குப் பக்கவாட்டில் பின்னிக் கோடுகளைச் செங்குத்தாக்குவார்கள்.

திருப்பூரும் வகயாமாவும்

மரையை ஏற்பது என்று நான்காம் வகையில் சொன்னது கைப்பின்னல்காரர்களுக்கு ஒரு நுட்பம். திருப்பூரில் வட்டப் பின்னல் மிஷின் ஓட்டுபவருக்கு அது அன்றாடம். மார்க் பிரூனல் 1816இல் வட்டப் பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய 30 இன்ச் டயா மிஷினில் நூல் ஊட்டும் ஃபீடர் 90 இருந்தால், ஒரே சுழற்சியில் 90 நூல்கள் பக்கம் பக்கமாக ஏறுகின்றன. எந்த ஃபீடரில் எந்த நிறக் கோன் என்று வைத்தால் ஃபீடர் ஸ்ட்ரைப் தயார். படியே கிடையாது.

ஆனால் இங்கே மரையின் சாய்வு 7 மில்லிமீட்டரில் நிற்பதில்லை. சென்டிமீட்டருக்கு 18 வரிசை விழும் மெல்லிய பனியன் துணியில் 90 வரிசை என்பது 5 சென்டிமீட்டர். ஒரு சுற்று வரும்போது கோடு அவ்வளவு தூரம் ஏறிவிடும். குழாயாகவே அணிந்தால் ஒரு பக்கம் தொங்கியது போல இருக்கும். அதனால் குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து, கோட்டை நேராக்கி, கட்டிங் மேசையில் கோட்டோடு கோடு பொருத்தி, ஓவர்லாக்கில் பக்கத் தையல் போடுகிறார்கள். அகலப் பட்டைக்கான ஆட்டோ ஸ்ட்ரைப்பர் மிஷினிலும் நூல் மாறும் இடத்தில் நுனிகள் நீள் வரிசையாகத் தொங்கும்; துணியைத் திறக்கும் வெட்டு அந்த வரியிலேயே போகும். ஷெட்லாந்துப் பெண்களின் கத்திரிக்கோலும் திருப்பூரின் கட்டிங்கும் ஒரே சிக்கலுக்கு ஒரே விடையை எட்டியிருக்கின்றன.

வெட்டாமல் முழுச் சட்டையையும் பின்னும் இயந்திரம் ஜப்பானின் வகயாமாவிலிருந்து வந்தது. கையுறை பின்னும் மிஷினில் தொடங்கிய ஷிமா செய்கி நிறுவனம் 1995இல் மிலான் ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் ஹோல்கார்மென்ட் மிஷினைக் காட்டியது. கையுறை என்பது விரல் விரலாகக் குழாய்கள்; அதைத் தலைகீழாகப் பிடித்து மூன்று குழாயாக்கினால் ஸ்வெட்டர். எதிரெதிரான ஊசிப் படுகைகளில் நூல் முன்பக்கம் போய்ப் பின்பக்கம் திரும்புவதால் அங்கேயும் மரைதான். மூன்று குழாயும் ஒரே நேரத்தில் வளர்வதால் ஒவ்வொன்றுக்கும் தனி நூல்தாங்கி வேண்டும்; இரண்டு நிறக் கோடு என்றால் மூன்று ஆறாகும். அக்குளில் குழாய்கள் ஒன்றானதும் பாதிக்கு மேற்பட்டவை ஓய்வு பெறும். கோட்டின் விலையை மிஷினும் கொடுத்துத்தான் ஆகிறது.

தையலின் தரப்பு

இவ்வளவும் சொன்னபின் தையலுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். தையல் சட்டைக்கு எலும்பு. தோளிலும் பக்கத்திலும் அது இல்லாதபோது, கனத்த பருத்தி ஸ்வெட்டர் தன் எடையாலேயே நீளும். ஒரே முறுக்குள்ள நூலில் சுற்றிப் பின்னிய துணி துவைத்தபின் ஒரு பக்கம் திருகிக்கொள்ளும். பக்கத் தையல் அதை ஓரளவு பிடித்து நிறுத்தும். துண்டுகளைப் பையில் போட்டுப் பேருந்தில் பின்னலாம். ஒரே துண்டு ஸ்வெட்டர் முடியும் தறுவாயில் கம்பளிப் போர்வையாய் மடியில் கிடக்கும்.

தையலில்லாப் பின்னலின் பதில்களும் வலுவானவை. பின்னும்போதே போட்டுப் பார்க்கலாம். மேலிருந்து இறங்கியது என்றால், பிள்ளை வளர்ந்ததும் விளிம்பை அவிழ்த்து இன்னும் இரண்டு பட்டை சேர்க்கலாம். முழங்கை கிழிந்தால் அந்தக் கையை மட்டும் அவிழ்த்துத் திரும்பப் பின்னலாம். கோட்டு ஸ்வெட்டருக்கு இது பெரிய வரம். பழுது பார்த்ததைப் புதுப் பட்டை என்று சொல்லிவிடலாம்.

இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிகிறது. தையலுக்கு இரண்டு வேலைகள் இருந்தன: துணியைத் தாங்குவது, கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் விழுங்குவது. தையலை எடுத்த இடங்களில் எல்லாம் வேறு ஏதோ ஒன்று அந்த வேலைக்கு வந்து நின்றிருக்கிறது: நீண்ட ஒரு கண்ணி, புரட்டிய பள்ளம், வெட்டிய பாலம், உள்ளே ஏறும் நூல்தடம். கான்சி பின்னிய பெண்கள் இதை அறிந்திருந்தார்கள். தையலே இல்லாத அந்தக் குழாயின் இரு பக்கத்திலும் ஒரு கண்ணியைப் புரட்டிப் பின்னிப் பொய்த்தையல் ஒன்றை மேலேற்றினார்கள். முன்பக்கம் எங்கே முடிகிறது, முதுகு எங்கே தொடங்குகிறது என்று கணக்கு வைக்க அது வேண்டியிருந்தது. தையலுக்குப் பதில் ஏதோ ஒன்று வந்து நிற்கும் என்பதற்கு விதிவிலக்கு இரட்டை மரை மட்டுமே. அதில் மறைக்க ஒன்றுமில்லை. பதிலுக்கு அகலப் பட்டையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆகவே பின்னத் தொடங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பட்டையின் அகலம். முறையை அதுவே சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் சிம்மர்மன் சொன்ன வழி இருக்கிறது. மாதிரித் துண்டு பின்னுவதற்குப் பதில் ஒரு தொப்பி பின்னிப் பார்க்கச் சொன்னார் அவர். தொப்பி ஒரு சின்னக் குழாய். தேர்ந்தெடுத்த நூலில், தேர்ந்தெடுத்த கோட்டில், ஒரு மாலையில் பின்னிவிடலாம். படி எவ்வளவு தெரிகிறது, சுருக்குமிடத்தில் பட்டை எப்படி நடந்துகொள்கிறது, நூலை மேலேற்றினால் இழுக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் படி காதுக்குப் பின்னால் வருமாறு திருப்பி மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டருக்கு வேறு கோடு யோசிக்கலாம்.